ஆறாம் வகுப்பின் கால அட்டவணையில் வாசிப்புக்கு இடம் எங்கே?

ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைக்கு ஜூன் மாதத்தில் பள்ளியே வேறாகிவிடுகிறது. அதுவரை காலை முதல் மாலை வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர். யார் எந்த எழுத்தில் தடுமாறுவார், யார் வாய்விட்டுப் படிக்கக் கூச்சப்படுவார், யாருக்குக் கரும்பலகை சரியாகத் தெரிவதில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆறாம் வகுப்பில் மணி அடிக்க அடிக்க ஆள் மாறுகிறார். நாளுக்கு 8 பாடவேளை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 நிமிடம். கணக்கு ஆசிரியர் கணக்கைப் பார்க்கிறார், அறிவியல் ஆசிரியர் அறிவியலைப் பார்க்கிறார். சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் பதில் இல்லை.

நடுநிலை வகுப்பு மாணவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை என்ற கவலை எழும்போதெல்லாம் பாடநூல், ஆசிரியர் பயிற்சி, கைப்பேசி, எட்டாம் வகுப்பு வரையிலான கட்டாயத் தேர்ச்சி என ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். பள்ளியின் அமைப்பும் அதன் கால அட்டவணையும் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. 6, 7, 8ஆம் வகுப்புகளின் வாசிப்புச் சிக்கலுக்குப் பெரிய காரணம் அங்கேதான் இருக்கிறது என்பதும், பெரிய செலவில்லாமல் உடனே சரிசெய்யக்கூடியதும் அதுதான் என்பதும் என் உறுதியான கருத்து.

பெருந்தொற்றுக் காலத்துப் பிள்ளைகள்

2025-26 கல்வியாண்டில் நடுநிலை வகுப்புகளில் அமர்ந்திருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020-21 கல்வியாண்டில் முதல் வகுப்பில் பெயர் எழுதப்பட்டு, வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள்தான் 2025-26இன் ஆறாம் வகுப்பினர். அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் ஏழாம் வகுப்பிலும், மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் எட்டாம் வகுப்பிலும் இருக்கிறார்கள்.

இந்த இழப்பை ஈடுகட்ட அரசு வாளாவிருக்கவில்லை. 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022-23இல் எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில் தொடங்கி, அடுத்த ஆண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. ஆனால், ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டால் ஓர் உண்மை தெரிகிறது. 2025-26இல் எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் 2022-23இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தார்கள். திட்டம் ஐந்தாம் வகுப்பை எட்டியபோது அவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அடிப்படை எழுத்தறிவுக்கென மாநிலம் எடுத்த மிகப் பெரிய முயற்சி அவர்களைத் தொடவே இல்லை.

ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் அசர் ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இரண்டாம் வகுப்பு நிலையிலான பத்தியை வாசிக்க முடிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்திய அளவில் 71.1% பேர். 2018இல் இது 73 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. பெருந்தொற்றுக்கு முன்பே பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் வாசிப்பில் பின்தங்கியே எட்டாம் வகுப்பை அடைந்தார்கள் என்பதுதான் இதன் பொருள். ஆக, கொரோனா இந்தச் சிக்கலை உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியது, அவ்வளவுதான்.

40 நிமிடத்தில் 40 பேர்

வாசிப்பு குறித்த ஆய்வுகளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜீன் சால் 1983இல் வெளியிட்ட நூல் இன்றும் அடித்தளமாகக் கருதப்படுகிறது. நான்காம் வகுப்பையொட்டி வாசிப்பின் வேலையே மாறிவிடுகிறது என்று அவர் காட்டினார். அதுவரை பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. அதன்பின் மற்ற எல்லாவற்றையும் வாசித்தே கற்க வேண்டியிருக்கிறது. நம் பாடநூல்களைப் புரட்டினாலே இது விளங்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அறிவியலும் சமூக அறிவியலும் வளிமண்டலம், ஒளிச்சேர்க்கை, நாடாளுமன்றம், தொல்லியல் என நீண்ட சொற்களோடு, பேச்சு வழக்கிலிருந்து வெகுதூரம் விலகிய எழுத்து நடையில் வருகின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. தமிழ்ப் பாடவேளையில் மட்டுமல்ல, மீதிப் பாடவேளைகளிலும் அதற்கு இழப்புதான்.

இந்த இழப்பைச் சரிசெய்யும் பொறுப்பு நடைமுறையில் தமிழாசிரியர் ஒருவர் தலையில் விழுகிறது. அவருக்குக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 40 நிமிடத்தில், முந்தைய வகுப்பு முடிந்து பிள்ளைகள் அமைதியாகி நோட்டை எடுப்பதற்குள் 5 நிமிடம் போகிறது. மீதி 35 நிமிடத்தையும் வாய்விட்டுப் படிக்க வைப்பதற்கே செலவிட்டாலும், 40 பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அப்படி முழுவதையும் செலவிடவும் முடியாது. ஒவ்வோர் இயலிலும் கவிதைப்பேழை, உரைநடை உலகம், விரிவானம், கற்கண்டு எல்லாவற்றையும் நடத்தியாக வேண்டும். பருவத் தேர்வுக்குள் பாடத்தை முடிக்க வேண்டும். அதனால், நன்றாகப் படிக்கத் தெரிந்த நாலைந்து பேர் எழுந்து படிக்கிறார்கள், மற்றவர்கள் கேட்கிறார்கள், கேள்வி பதிலைக் கரும்பலகையிலிருந்து எல்லோரும் பார்த்து எழுதுகிறார்கள். நோட்டு நிறைந்திருக்கிறது. அந்த நோட்டில் தான் எழுதியதைத் தானே வாசிக்கத் தெரியாத பிள்ளை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

நல்ல கற்பித்தல் முறையையும் கால அட்டவணை தோற்கடித்துவிடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2000களின் பிற்பகுதியில் தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தபோது, மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. மாணவர் தாமே பத்தியைப் படித்து, புரியாத சொல்லை அடிக்கோடிட்டு, மனவரைபடம் வரைந்து, குழுவில் பேசித் தொகுத்து, வகுப்பின் முன் வழங்கி, இறுதியில் எழுத வேண்டும். வாசிப்பும் எழுத்தும் ஒன்றோடொன்று பின்னி வளர இதைவிட நல்ல வழி வேறில்லை. ஆனால், இத்தனை படிநிலைகள் ஒரு 40 நிமிடப் பாடவேளைக்குள் அடங்குவதில்லை. மனவரைபடத்தோடு மணி அடித்துவிடும். பேசுவதும் எழுதுவதும் நாளைக்குத் தள்ளிப்போகும். நாளைக்கு அந்தச் சூடு இருக்காது. காலப்போக்கில் பல பள்ளிகளில் மனவரைபடம் மட்டும் சடங்காக மிஞ்சியது.

பத்தாம் வகுப்பின் நிழலில்

அட்டவணைக்குப் பின்னால் பள்ளியின் அமைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி அமைப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இருவகைப் பள்ளிகளில் படிக்கிறது. ஒன்று, 1 முதல் 8 வரையுள்ள நடுநிலைப் பள்ளி. மற்றொன்று, ஆறில் தொடங்கிப் பத்து அல்லது பன்னிரண்டில் முடியும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி. முன்னது தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழும் பின்னது பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழும் வருகின்றன. ஒரே வயது, ஒரே பாடநூல். பார்க்கும் அலுவலர்கள் வேறு, முன்னுரிமைகள் வேறு.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பொதுத்தேர்வுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பள்ளியின் பெயரும் தலைமையாசிரியரின் பெயரும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டில் தொங்குகின்றன. அனுபவம் மிக்க பட்டதாரி ஆசிரியருக்குப் பத்தாம் வகுப்பு ஒதுக்கப்படும். காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு வரும். ஓர் ஆசிரியர் விடுப்பு எடுத்தால், ஆறாம் வகுப்பில் இருப்பவரை எடுத்துப் பத்தாம் வகுப்புக்கு அனுப்புவார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து யாரும் ஆறாம் வகுப்புக்கு வருவதில்லை. நூலகப் பாடவேளையும் விளையாட்டுப் பாடவேளையும் பாடத்தை முடிக்கக் கடன் வாங்கப்படும். அந்தக் கடன் திரும்புவதே இல்லை. ஆறாம் வகுப்பில் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தால் முடிந்திருக்கும் வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, நான்கு ஆண்டு கழித்து அதே பிள்ளையை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்து, தேர்ச்சிக்கான குறைந்தபட்ச விடைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

நடுநிலைப் பள்ளியின் சிக்கல் வேறு. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கணிதமும் அறிவியலும், சமூக அறிவியல், மொழிகள் என மூன்று பிரிவுகளுக்குக் குறைந்தது தலா ஓர் ஆசிரியரைக் கேட்கிறது. மாணவர் குறைந்த சிற்றூர்ப் பள்ளியில் இந்தக் குறைந்தபட்சமே அதிகபட்சமாகிவிடுகிறது. அங்கே மொழிக்கு ஒருவர் என்றால், தமிழும் ஆங்கிலமும் மூன்று வகுப்புகளுக்கும் அவரே. வகுப்புக்கு, மொழிக்கு வாரம் 6 பாடவேளை என்று வைத்தாலும் 36 ஆகிவிடும். வாரத்தின் மொத்தப் பாடவேளையே 40தான். பின்தங்கிய நாலு பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல அவருக்கு நேரம் ஏது? நோட்டுத் திருத்துவதே வீட்டுக்குப் போன பிறகுதான்.

இத்தனை சுமைக்கு நடுவிலும் நடுநிலைப் பள்ளியிடம் ஒரு வலிமை இருக்கிறது: பிள்ளை இடம் மாறுவதில்லை. நியூயார்க் நகரப் பள்ளிகளை ஆராய்ந்த ரோக்காஃப், லாக்வுட் ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு, ஆறாம் அல்லது ஏழாம் வகுப்பில் தனி நடுநிலைப் பள்ளிக்கு மாறிய பிள்ளைகள், எட்டு வரை ஒரே பள்ளியில் தொடர்ந்தவர்களைவிடக் கணக்கிலும் மொழியிலும் பின்தங்கியதையும், அந்த இடைவெளி எட்டாம் வகுப்பு வரை நீடித்ததையும் கண்டறிந்தது. நியூயார்க்கின் சூழல் வேறுதான். ஆயினும், நம் நடுநிலைப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பக்கத்து அறையிலேயே இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை அது உணர்த்துகிறது. பிள்ளையின் வாசிப்பு நிலையை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை எந்த அட்டவணையும் ஒதுக்கவில்லை. பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் உயர்நிலைப் பள்ளியிலோ அதற்கும் வழியில்லை.

ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் இடையே இன்னொரு கோடும் விழுகிறது. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்காக வகுக்கப்பட்டது. ஒரே நடுநிலைப் பள்ளியில் தங்கை சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறாள். ஆறாம் வகுப்புக்குப் போன அக்காவுக்கு அது இல்லை. காலையில் முதல் பாடவேளை மொழிப்பாடமாக இருந்தால், வெறும் வயிற்றோடுதான் அவள் வாசிக்க வேண்டும்.

அதே ஆசிரியர், வேறு அட்டவணை

ஆசிரியர்கள் திறமையாகச் சொல்லிக்கொடுத்தால் போதாதா, அட்டவணையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு பிகாரும் ஹரியாணாவும் விடை சொல்கின்றன. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழு பிரித்துக் கற்பிக்கும் முறையைப் பிரதம் தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. அதை அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டுபோகும் முயற்சிகளைப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்தார்கள்.

பிகாரில் 2008 கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே இந்த முறையில் முகாம் நடத்தினார்கள். பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. அதே மாநிலத்தில் பள்ளி நாள்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கற்பித்தல் பொருள்களும் மட்டும் கொடுத்தபோது முன்னேற்றம் இல்லை. உத்தராகண்டிலும் அப்படியே. விடுமுறையில் கற்பிக்க முடிந்தவர்களுக்குப் பள்ளி நாளில் ஏன் முடியவில்லை? வழக்கமான வகுப்பும் பாடநூலை முடிக்கும் அவசரமும் அந்த முறைக்கு இடம் விடவில்லை. 2012-13இல் ஹரியாணாவில் இதை உணர்ந்து, நாள்தோறும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் வகுப்புப் பிரிவு கலைக்கப்பட்டு வாசிப்பு நிலைப்படி குழுக்கள் அமைந்தன. மேற்பார்வை செய்யும் வட்டார அலுவலர்கள் முதலில் தாங்களே சில நாள் கற்பித்துப் பழகிய பிறகே பள்ளிகளுக்குப் போனார்கள். மொழியில் முன்னேற்றம் தெரிந்தது.

அந்த ஆய்வுகள் தொடக்க வகுப்புகளைப் பற்றியவை. எனினும், அடிப்படை வாசிப்பில் தவறவிட்டதை மீட்கும் வேலை எந்த வயதிலும் ஒன்றுதான். அதற்குக் காக்கப்பட்ட நேரமும் நிலைவாரியான குழுவும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு நாள்தோறும் முதல் பாடவேளையை 60 நிமிட வாசிப்பு நேரமாக்க வேண்டும். மீதியுள்ள ஏழு பாடவேளைகளிலும் தலா 3 நிமிடம் குறைத்தாலே கூடுதலாக வேண்டிய 20 நிமிடம் வந்துவிடும். வாரத்தின் ஐந்து இடங்களுக்குத் தமிழிலிருந்து இரண்டு, நூலகப் பாடவேளை ஒன்று, அறிவியலிலும் சமூக அறிவியலிலும் ஒவ்வொன்று எடுக்கலாம். பள்ளி நேரத்தை நீட்ட வேண்டியதில்லை. புதிய பணியிடமும் தேவையில்லை.

மூன்று வகுப்புகளுக்கும் இந்த நேரம் ஒரே வேளையில் அமைய வேண்டும். அப்போதுதான் வகுப்பைக் கடந்து மூன்று குழுக்களாகப் பிரிக்க முடியும். எழுத்திலும் சொல்லிலும் தடுமாறுபவர்கள் ஒரு குழு. வாக்கியம் படித்தும் பொருள் கொள்ளத் திணறுபவர்கள் ஒரு குழு. சரளமாகப் படிப்பவர்கள் ஒரு குழு. மூன்று ஆசிரியர் மட்டுமே உள்ள சிறிய பள்ளியிலும் இது நடக்கும். கணக்கு ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் தலா ஒரு குழுவை எடுத்துக்கொள்வார்கள். மிகவும் தடுமாறும் பிள்ளைகளின் குழு மிகவும் தேர்ந்த மொழியாசிரியரிடம் போக வேண்டும். சரளமாகப் படிப்பவர்கள் அறிவியல், சமூக அறிவியல் பாடப்பகுதிகளையே எடுத்துப் படித்து, விவாதித்து, சுருக்கி எழுதலாம். படிக்கப் புத்தகமும் இருக்கிறது. அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் சிறு நூல்களைத் தந்திருக்கிறது. தேன்சிட்டு இதழ் இந்த வயதினருக்காகவே வருகிறது. இவற்றைப் பிரித்துப் படிக்க நேரம்தான் இல்லாமல் இருந்தது.

இதோடு மூன்று ஏற்பாடுகள் சேர வேண்டும். ஒன்று, ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலையையும் ஒரு பக்கக் குறிப்பாக ஆறாம் வகுப்புக்கு அனுப்ப வேண்டும். பள்ளி மாறினாலும் அது பிள்ளையோடு போக வேண்டும். இரண்டு, வாரத்தில் ஒரு நாளாவது தமிழுக்கு அடுத்தடுத்து இரண்டு பாடவேளை தர வேண்டும். ஒரு கட்டுரையைப் பேசி, எழுதி, திருத்தி, மறுபடி எழுத அந்த நேரம் வேண்டும். மூன்று, காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும்.

எழும் ஐயங்கள்

பாடத்தை முடிக்க முடியாது என்பது முதல் எதிர்ப்பாக இருக்கும். இப்போது பாடம் யாருக்கு முடிகிறது என்று கேட்க விரும்புகிறேன். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு முதல் இயலே முடிந்திருக்காது. அந்தப் பிள்ளை வாசிக்கத் தொடங்கிய பிறகு மற்றப் பாடங்கள் நடத்தும் வேகமே கூடும். வாரத்துக்கு ஒரு பாடவேளையை விட்டுக்கொடுக்கும் அறிவியல் ஆசிரியருக்கு, பாடநூலைத் தானே திறந்து படிக்கும் மாணவர்கள் கிடைப்பார்கள்.

குழு பிரித்தால் பிள்ளைகள் மனம் நோகும் என்பது இரண்டாவது கவலை. இது உண்மையான கவலை. அதனால்தான் இந்தப் பிரிவு அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பார்த்துக் குழுவை மாற்ற வேண்டும். நாள் முழுவதும் தனிப் பிரிவாக உட்காரவைத்து முத்திரை குத்துவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது. மேலும், வகுப்பில் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க, ஒரு சொல்லைக் கூட்ட முடியாமல் தவிக்கும் இன்றைய நிலை அந்தப் பிள்ளைக்கு எத்தனை அவமானம் தருகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆசிரியருக்குக் கூடுதல் சுமை என்பது மூன்றாவது. தமிழாசிரியர் ஒருவர் தனியாகச் சுமந்ததை மூவர் பகிர்வதால் சுமை குறையவே செய்யும். அதற்கு அரசும் ஒரு வாக்குறுதி தர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் தளப் பதிவு, புள்ளிவிவரம், அவசரச் சுற்றறிக்கை, கூட்டம் எதற்காகவும் ஆசிரியரை அழைக்கக் கூடாது.

6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் மொழியிலும் கணக்கிலும் அடிப்படைத் திறன் குறைந்த பிள்ளைகளுக்காக 2025-26இல் திறன் திட்டத்தைக் கொண்டுவந்ததன் மூலம் இந்தச் சிக்கலை அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், இருக்கிற அட்டவணைக்குள் இன்னொரு பயிற்சிக் கட்டகத்தைத் திணித்தால் அதுவும் படைப்பாற்றல் கல்வி போன வழியே போகும். திட்டம் நிலைக்க வேண்டுமானால், அதற்கான நேரம் கால அட்டவணையில் அச்சாக வேண்டும். அந்த நேரத்தை வேறு எந்தப் பாடமும் கடன் வாங்கக் கூடாது என்று ஆணையாக வேண்டும். இரண்டு இயக்ககங்களும் ஒரே ஆணையில் கையெழுத்திட வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வரும்போது பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன், ஒரு பிள்ளையை அருகில் உட்காரவைத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை பிள்ளைகள் அடுத்த குழுவுக்கு முன்னேறினார்கள் என்பது முதல் பொருளாக இருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்க மாட்டோம் என்ற தமிழ்நாட்டின் நிலைப்பாடு நியாயமானது. தோல்வி என்று சொல்லி அனுப்பினால் ஏழைப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வராது என்பதை அனுபவத்தில் கண்ட மாநிலம் இது. அந்த நிலைப்பாட்டுக்கு ஒரு கடமையும் இருக்கிறது: தேர்ச்சி தந்து மேலே அனுப்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணை கோடை விடுமுறையில்தான் தயாராகிறது. அதில் முதல் கட்டத்தை வாசிப்புக்கு எழுதிவிட்டு, மற்றப் பாடங்களை அதன்பின் நிரப்பட்டும்.